முந்நூறு பிஸ்டல்களும் ஒரு கன்டீனும்

கோலியர்ஸ் வுட், லண்டன்
12 ஏப்ரல் 1997

அன்புள்ள மருமகள் எமில்டாவுக்கு,

லண்டன் மாநகரத்திலிருந்து உன் தாய்மாமன் அருட்பிரகாசம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதுவது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இங்கே கல்லூரியில் கணக்கியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, வகுப்பு ஜனவரியில் தொடங்குகிறது, விசாவுக்கு லண்டனில் ஓர் ஆள் பொறுப்பு நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதை எழுத உனக்கு நாலு பக்கமா? ஒரு வரி போதாதா? தங்கச்சி பியற்றிஸிடம் சொல்லு, அண்ணன் இருக்கிறான். ரவுண்டப், சுற்றிவளைப்பு என்று கேட்டவுடன் பெட்டைப்பிள்ளையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுகிற சீவியம் இந்த வருடத்தோடு முடிந்தது.

என் உத்தியோகத்தைப் பற்றி விசாக்காரர் கேட்டால் தைரியமாகச் சொல்லு. நான் எட்டு வருடமாக இருப்பது துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில். ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே அரண்மனை மாதிரி இடம். டாக்குத்தர்மார், நீதவான்மார், வங்கி முதலாளிமார் வந்து கடதாசி வட்டத்தைச் சுட்டுவிட்டுப் போவார்கள். செயலாளர் மிஸ்டர் ஹார்வுட் கையெழுத்துப் போடுவார், மற்ற நிர்வாகம் முழுவதும் நான். அலமாரியில் முந்நூறு பிஸ்டல். என்னைக் கேட்காமல் ஒரு பிஸ்டல் வெளியே வராது.

இப்போது அந்த முந்நூறையும் அரசாங்கம் காசு கொடுத்து வாங்கப்போகிறது. போன வருடம் ஸ்கொட்லாந்தில் ஒருவன் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து பதினாறு பிள்ளைகளையும் அவர்களின் ரீச்சரையும் சுட்டான். அதில் நான் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. செய்தி வந்த அன்று கழகத்தில் ஒருவரும் சுடவில்லை, வந்து தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. பெரிய ரவைக் குண்டு போடுகிற பிஸ்டல் எல்லாவற்றையும் ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் பொலிசில் கொடுத்துவிட வேண்டும்.

கொடுக்கிறவனுக்கு மூன்று வழி. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றுக்கு நூற்றைம்பது பவுண்ஸ் வாங்கலாம். அல்லது அரசாங்கம் அச்சடித்த விலைப்பட்டியலைப் பார்த்து அந்த விலையைக் கேட்கலாம். அதுவும் போதாது என்றால் தனியாக ஒருவரை வைத்து மதிப்புப் போடலாம். கன்டீனில் இப்போது வேறு கதையே இல்லை. ஒருவர் நாற்பது பவுண்ஸுக்கு வாங்கிய துருப்பிடித்த சாமானுக்கு நூற்றைம்பது வரப்போகிறது என்று எனக்கு ஒரு பவுண் சந்தோஷம் தந்தார். இன்னொருவர் தகப்பனுடைய பிஸ்டலுக்கு அந்தப் பட்டியலில் விலையே இல்லையென்று அழுதுவிட்டார். இருவருக்கும் மேசை போட்டு ஆலோசனை சொன்னது நான்தான்.

கன்டீனும் என் பொறுப்பு என்றபடியால் நானும் நட்டஈடு கேட்டு எழுதப்போகிறேன். வெந்நீர் அண்டா, பன்னிரண்டு மேசை, உறைபெட்டி நிறைய சோசேஜ் ரோல், எட்டு வருட வியாபாரம். குறைந்தது மூவாயிரம். அது உன் முதல் வருடக் கல்லூரிக் காசு. கீழ்வீட்டு ஸ்ரீஸ்கந்தராஜா, என் அறைக்கு வாடகை வாங்குகிறவர், "அண்ணை, தேத்தண்ணிக்கும் அரசாங்கம் காசு தருமோ?" என்று சிரிக்கிறார். அவருக்குச் சட்டம் தெரியாது.

எல்லா ஆயத்தத்தையும் செய். மாமா இருக்கிறேன்.

உன் மாமா,
வ. அருட்பிரகாசம்


கொட்டாஞ்சேனை, கொழும்பு
4 மே 1997

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் பொறுப்பு நிற்பதாக எழுதியதை வாசித்ததும் அம்மா உடனே கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினார். இரண்டு வருடத்தில் அவர் முகத்தில் கொஞ்சம் இரத்தம் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் மாமா, ஒன்று சொல்லவேண்டும். கோபிக்கக்கூடாது. உறை பிரித்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. உங்கள் கடிதத்தில் அந்த ஆயுதத்தின் பெயர் பல தரம் வருகிறது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு அறையில் பொலிஸ் பதிவோடு இருக்கிறவர்கள். ஒவ்வொரு முறை சோதனைக்கு வரும்போதும் பெட்டியைக் கொட்டி, கடதாசிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். போன கிழமை மேல் அறைப் பெண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வர அவள் எடுத்த ஒரு பழைய பயணப் பாஸுக்காகக் கூட்டிக்கொண்டு போனார்கள். தயவுசெய்து இனி அதைப் பற்றி ஒன்றும் எழுதாதீர்கள்.

அந்தச் சட்டத்தைப் பற்றி இங்கே பத்திரிகையிலும் வாசித்தேன். என்ன செலவானாலும் அது நல்ல சட்டம் என்றே எனக்குப் படுகிறது. பதினாறு பிள்ளைகள்.

விசாவுக்கு மூன்று விவரம் வேண்டும். உங்கள் வேலையின் சரியான பெயர். கிழமைச் சம்பளம். வேலை நிரந்தரமா என்று முதலாளி எழுதிய கடிதம். "முழு நிர்வாகம்" என்று படிவத்தில் எழுத முடியாது.

உங்கள் மருமகள்,
எமில்டா


கோலியர்ஸ் வுட்
20 ஜூலை 1997

அன்புள்ள மருமகளுக்கு,

லண்டன் தபாலை உடைக்கிறதுக்கு அவர்களுக்கு என்ன துணிவு! ஆனாலும் நீ சொன்னதைக் கேட்டேன். அந்தச் சொல்லை இனி எழுதமாட்டேன். அதற்குப் பதிலாகக் கத்தரிக்காய் என்று எழுதுகிறேன். உடைத்து வாசிக்கிறவன் சமைத்துச் சாப்பிடட்டும். உனக்கு விளங்கும்தானே?

போன வியாழக்கிழமை கத்தரிக்காய் முழுவதையும் ஒப்படைத்தாயிற்று. யார் ஒப்படைத்தது என்று கேள். உன் மாமா. முந்நூறு கத்தரிக்காயையும் தனி ஆளாக வான் வண்டியில் ஏற்றி, லண்டன் தெருவெல்லாம் ஓட்டி, பெரிய அதிகாரியின் கையில் நானே கொடுத்தேன். "மிஸ்டர் பிரகாசம், உங்களைப் போல ஒருவர் இருந்தால் எங்களுக்கு வேலையே இல்லை" என்று அவர் என் தோளில் தட்டினார். ஒரு கத்தரிக்காய்க்கு நூற்றைம்பது பவுண்ஸ் என்றால் முந்நூறுக்கு எவ்வளவு என்று நீ கணக்கியல் படிக்கப்போகிறவள், பெருக்கிப் பார். அதில் எனக்கும் பங்கு உண்டு என்று வைத்துக்கொள்.

பொலிஸ் நிலையத்தில் கூத்தைப் பார்க்க வேண்டும். வாசலுக்கு வெளியே வரிசை. கிழவர்கள் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கொண்டுவந்த தாய்மார் மாதிரி நிற்கிறார்கள். ஒரு கத்தரிக்காய்க்கு மூன்று படிவம். அடிமட்டத்தால் நீளம் அளந்து, நம்பரைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, ரவையைத் தனியாக எண்ணி, தோல் உறையைத் தனியாக எழுதி. ஓம், தோல் உறைக்கும் காசு! எழுதுவதற்கு இரண்டு பேர், பூட்டி வைப்பதற்கு அறை, காவல், பிறகு உருக்குவதற்குக் கூலி. வாங்குகிற விலையை விட வாங்குகிற வேலைக்குச் செலவு கூடிவிடுமோ என்று மிஸ்டர் ஹார்வுட் தலையைச் சொறிகிறார். கொடுத்தவர் கையில் ரசீது மட்டும்தான். காசு எப்போது வரும் என்று கேட்டால் எழுதுகிறவர் மேலே கூரையைப் பார்க்கிறார்.

சின்ன ரவைக் கத்தரிக்காயை விடுவதாக முதலில் சொன்னார்கள். இப்போது புது அரசாங்கம் அதையும் எடுக்கப்போகிறதாம். அதனால் கன்டீனில் எனக்குக் கொஞ்சம் ஓய்வு. சனிக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். ஓய்வும் உடம்புக்கு நல்லதுதானே. என் நட்டஈட்டுக் கடிதம் போய்விட்டது. மூவாயிரத்தை நாலாயிரம் ஆக்கி எழுதினேன்.

வேலையின் பெயர், சம்பளம் எல்லாம் அடுத்த கடிதத்தில் ஆறுதலாக எழுதுகிறேன். அவசரப்படாதே.

மாமா


கொட்டாஞ்சேனை
19 ஆகஸ்ட் 1997

மாமாவுக்கு,

இது தபாலில் போகவில்லை. பங்குச் சாமியாரின் உறவினர் ஒருவர் லண்டனுக்கு வருகிறார். அவர் கையில் கொடுக்கிறேன்.

ஆறாம் திகதி விடியற்காலை எங்கள் ஒழுங்கைத் தெரு முழுவதையும் பொலிஸ்காரர் சுற்றிவளைத்தார்கள். உங்கள் இரண்டு கடிதங்களும் என் கல்லூரி உறையில் இருந்தன. நீங்கள் பொறுப்பு நிற்பதற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி என்று வைத்திருந்தேன். அது என் பிழை.

என்னைப் பொலிஸ் நிலையத்தில் இரண்டு இரவு வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. அம்மா வெளியே நடைபாதையில் இருந்தார். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு சார்ஜன்ட் இரண்டு கடிதத்தையும் பக்கம் பக்கமாக வைத்து, சிவப்புப் பேனையால் கோடு போட்டார். முதல் கடிதத்தில் முந்நூறு பிஸ்டல். இரண்டாவதில் முந்நூறு கத்தரிக்காய். இரண்டுக்கும் நடுவே, சொல்லை மாற்றுகிறேன் என்று உங்கள் கையெழுத்திலேயே.

"தங்கச்சி, உம்மட மாமா லண்டனிலை கத்தரிக்காய் ஒண்டு நூற்றைம்பது பவுணுக்கு விக்கிறாரோ?" என்று கேட்டார். அறையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. "ஒப்படைச்சவர் எண்டு எழுதியிருக்கு. ஆரிட்டை ஒப்படைச்சவர்? அந்தப் பெரிய அதிகாரியின்ரை பேர் என்ன? ஆருடைய வான்?" இதையே இரண்டு நாளும் கேட்டார்கள். இங்கிலாந்து அரசாங்கம் துப்பாக்கிகளைக் காசு கொடுத்து வாங்கி உருக்குகிறது என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை உங்களுக்கு எழுத முடியவில்லை. நானே அதைக் கேட்டுக்கொண்டிருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

சாமியார் வந்து கையெழுத்துப் போட்டு என்னை வெளியே எடுத்தார். அடையாள அட்டை அவர்களிடம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அட்டை இல்லாமல் தெரு முனைக்கும் போக ஏலாது. அடுத்த ரவுண்டப்பில் பிடித்தால் சாமியாரும் ஒன்றும் செய்ய முடியாது.

அவர்கள் கேட்பது ஒன்றுதான். உங்கள் வேலை என்ன, அந்தத் துப்பாக்கிகள் என்னவாயின என்று கழகத்தின் கடதாசியில் எழுதி, செயலாளர் கையெழுத்தோடு, நீங்களும் ஒரு சட்டத்தரணியின் முன்னால் சத்தியம் பண்ணிய கடிதம்.

மாமா, உங்கள் உண்மையான வேலை என்ன?

எமில்டா


கோலியர்ஸ் வுட்
30 ஆகஸ்ட் 1997

என் பிள்ளை எமில்டா,

அந்த மனிதர் உன் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தபோது நான் படியில் இருந்தேன். படியிலேயே இருந்து வாசித்தேன். ஸ்ரீஸ்கந்தராஜாவின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

நீ பயப்படாதே. நான் இங்கே பெரிய ஆட்களைப் பிடிக்கிறேன். ஒரு பாரிஸ்டர் இருக்கிறார், எங்கள் கழகத்து ஆள், அவர் ஒரு போன் எடுத்தால் போதும். உன்னைத் தொட்டவன் வேலை போய்விடும்.

நீ கேட்ட கடிதத்தை எழுதுவதில் ஒரு சின்னச் சிக்கல். யோசித்துப் பார். என் வேலையைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதினால் அது பொலிசுக்குப் போகும். விசாக்காரரும் பொலிசும் ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள். நான் பொறுப்பு நிற்கிற ஆள். பொறுப்பு நிற்கிற ஆளுக்கு ஒரு தோற்றம் வேண்டும். கழகமும் இந்த மாத முடிவோடு, இல்லை, அடுத்த மாத முடிவோடு கொஞ்சக் காலத்துக்கு மூடுகிறது. அதையும் எழுதினால் உன் விசா என்னாகும்? ஆகவே நான் இப்படி நினைக்கிறேன். "உதவி முகாமையாளர், ஆயுதப் பாதுகாப்பு" என்று போட்டு, எல்லாம் சட்டப்படி பொலிசுக்குப் போனது என்று எழுதினால் உன் அட்டையும் வரும், விசாவும் நிற்கும். ஒரு கல்லில் இரண்டு காரியம்.

என்ன சொல்கிறாய்? உடனே எழுது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாமா


கொட்டாஞ்சேனை
9 செப்டெம்பர் 1997

மாமாவுக்கு,

ஆயுதப் பாதுகாப்பு என்ற சொல்லோடு இன்னொரு கடிதம் வந்தால் அம்மா அந்த நடைபாதையிலேயே செத்துப்போவார்.

பாரிஸ்டர் வேண்டாம். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்றும் நான் கேட்கவில்லை.

நேற்றுத் திங்கட்கிழமை. மூன்று மணித்தியாலம் பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டு வெளியே வரும்வரை அவள் வெளியே வரவில்லை. விசா போனால் போகட்டும். எனக்கு அட்டை வேண்டும். நீங்கள் காப்பாற்ற நினைப்பது என்னையா, உங்கள் பெயரையா? எனக்குத் தெரிய வேண்டும்.

எமில்டா


கோலியர்ஸ் வுட்
26 செப்டெம்பர் 1997

பிள்ளை,

கடிதம் இத்துடன் இருக்கிறது. ஆங்கிலத்தில். பிரதி ஒன்று பதிவுத் தபாலில் சாமியாருக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மிஸ்டர் ஹார்வுட்டிடம் போனேன். அவர் கழகத்து அலுவலக அறையில் தனியே இருந்தார். அலமாரி திறந்து கிடந்தது, உள்ளே ஆணிகளும் நம்பர்த் துண்டுகளும் மட்டும். எழுபத்தொரு வயது மனிதர். உன் கதையை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கத்தரிக்காய்க்கு ஆங்கிலம் தெரியாமல் கடதாசியில் படம் கீறிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தட்டச்சு இயந்திரத்தில் கடதாசியைச் செருகிவிட்டு, "உன் பதவி என்னவென்று போட, ஆர்ட்டி?" என்று கேட்டார்.

எட்டு வருடமாக அந்த மனிதருக்குத் தேநீர் ஊற்றுகிறேன். இரண்டு சீனி, பால் முதலில். அவருக்குத் தெரியாதா என் பதவி? ஆனாலும் நான் சொல்லட்டும் என்று விரலை எழுத்தின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு ரயில் மேலால் போய் முடிந்த பிறகு சொன்னேன்.

அம்மாவுக்குப் புரியும்படி தமிழிலும் எழுதுகிறேன். அதில் உள்ளது இது.

"வளன் அருட்பிரகாசம் ஆகிய நான் இந்தக் கழகத்தின் கன்டீனில் தேநீர் போடுகிறவன். நிலம் துடைப்பதும் என் வேலை. கிழமைக்கு நான்கு நாள். சம்பளம் எழுபத்தெட்டு பவுண்ஸ். நான் ஒருபோதும் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாததால் தொட எனக்கு உரிமையும் இல்லை. கழகத்தில் இருந்தவை முந்நூறு அல்ல, நாற்பத்தொன்று. அவை உறுப்பினர்களால் ஜூலை மாதம் லண்டன் பொலிசிடம் கொடுக்கப்பட்டன. ரசீது நம்பர்கள் கீழே உள்ளன. எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. அன்று நான் செய்தது, உறுப்பினர்கள் பெட்டிகளைக் கொண்டு உள்ளே போகும்போது பொலிஸ் நிலையத்தின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றது. என்னோடு எந்த அதிகாரியும் பேசவில்லை. என் மருமகள் பயந்ததால் அவற்றைக் கத்தரிக்காய் என்று எழுதினேன். அவளுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தக் கழகம் செப்டெம்பர் 30 உடன் மூடப்படுகிறது. அதன்பின் எனக்கு வேலை இல்லை."

டூட்டிங்கில் ஒரு தமிழ்ச் சட்டத்தரணியின் முன்னால் வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். அவர் வாசித்துவிட்டு, "கடைசி இரண்டு வரியும் கட்டாயம் வேணுமோ ஐயா? விசாக் கேஸ் எண்டால் அது கூடாது" என்றார். "ஓம், வேணும்" என்றேன். வாசலுக்கு வந்த பிறகு திரும்பிப் போய் எடுத்துவிடுவோமா என்று பஸ் மூன்றை விட்டுவிட்டு நின்றேன். திரும்பிப் போகவில்லை.

நட்டஈட்டுக்கும் பதில் வந்துவிட்டது. இரண்டு வரி. துப்பாக்கிக்கு உண்டு, ரவைக்கு உண்டு, உறைக்கு உண்டு. தேநீருக்கு இல்லை. பாலத்து வளைவுக்குக் கழகம் கட்டிய வாடகை முன்பணத்துக்கும் இல்லை, மிஸ்டர் ஹார்வுட்டின் இருபது வருடத்துக்கும் இல்லை. சட்டம் பிழை என்று நான் சொல்லவில்லை. நீ எழுதியதை நினைத்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கு முன்னால் என் அண்டாவைக் கொண்டுபோய் வைக்க முடியுமா? ஆனால் பட்டியல் போட்டவர் கன்டீனுக்குள் ஒருதரம் எட்டிப் பார்த்திருக்கலாம்.

அட்டை வந்தவுடன் தந்தி அடி.

மாமா


கொட்டாஞ்சேனை
2 நவம்பர் 1997

அன்புள்ள மாமாவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். விவரமாக எழுத இப்போதுதான் மனம் வந்தது.

ஒக்டோபர் ஆறாம் திகதி சாமியாரோடு போனேன். அதே சார்ஜன்ட். ஆங்கிலக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம் வந்ததும் நிறுத்தி, மேலதிகாரிக்குச் சிங்களத்தில் சொன்னார். இரண்டு பேரும் நெடுநேரம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாமா. அந்தக் கடிதத்தை அவர் கையிலிருந்து பறிக்க வேண்டும் போல இருந்தது. பிறகு மேசை லாச்சியை இழுத்துத் திறந்து அட்டையை எடுத்து மேலே போட்டார். "உம்மட மாமாவுக்குச் சொல்லும், கதை எழுத வேண்டாமெண்டு" என்றார்.

ஒன்பது நாள் கழித்துக் கோட்டையில் குண்டு வெடித்தது. அன்று பின்னேரமே எங்கள் ஒழுங்கைக்கு வந்துவிட்டார்கள். இளம் ஆட்களை லொறியில் ஏற்றினார்கள். நான் அட்டையையும் உங்கள் கடிதத்தின் பிரதியையும் நீட்டினேன். என்னை விட்டார்கள். அட்டை இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இங்கே இருந்திருக்க மாட்டேன்.

விசா மறுத்துவிட்டார்கள். நானேதான் அந்தக் கடிதத்தை அவர்களுக்கும் கொடுத்தேன். என் பெயரில் இரண்டு கதை இருப்பது எனக்குப் பயம். பொறுப்பு நிற்கிறவருக்கு நிலையான வருமானம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். தொடர்ந்து ஆறு மாதச் சம்பளச் சிலிப் காட்டினால் மறுபடி பார்ப்பார்களாம். கல்லூரி இடத்தை வருகிற செப்டெம்பர்வரை வைத்திருக்க ஒத்துக்கொண்டது. எல்லாக் கடதாசியும் ஜூன் மாதத்துக்குள் போக வேண்டும்.

இதை உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. செப்டெம்பர் ஒன்பதாம் திகதிக் கடிதத்தில் நான் கேட்ட கேள்விக்கு மன்னியுங்கள்.

அம்மா இப்போது ஒழுங்கையில் வாகனச் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறார். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து நிற்கிறார்.

எமில்டா


கோலியர்ஸ் வுட்
31 ஜனவரி 1998

பிள்ளை எமில்டா,

கிறிஸ்மஸ் கடிதத்தில் நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். கையில் காட்ட ஒன்று கிடைத்த பிறகு எழுதுவோம் என்று இருந்தேன்.

கழகம் மூடிய பிறகு ஏழு கிழமை வேலை இல்லை. ஸ்ரீஸ்கந்தராஜா தன் கடையில் நிற்கச் சொன்னார். "கையிலை நூற்றிருபது தாறன் அண்ணை, வரியும் இல்லை, கடதாசியும் இல்லை."

"சிலிப் தருவியோ?" என்று கேட்டேன்.

"சிலிப்போ? அண்ணை, சிலிப் எண்டால் வரிக்காரன் வருவான். பேந்து வரி போக நூறும் இல்லை. காசு வேணுமோ, கடதாசி வேணுமோ?"

"எனக்குக் கடதாசி வேணும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்த மாத வாடகையை மட்டும் கேட்காமல் விட்டார். நல்ல மனிதர், அவரைக் கஞ்சன் என்று கிறிஸ்மஸ் கடிதத்தில் நான் எழுதியது பிழை.

நவம்பர் கடைசியில் வேலை கிடைத்தது. துணி வெளுக்கிற தொழிற்சாலை ஒன்று. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள். இருநூறு பேருக்கு மேல், இல்லை, முப்பத்தைந்து பேர் வேலை செய்கிறார்கள். நான் மடிக்கிற மேசையில். காலை ஆறு மணிக்குப் போய் இரண்டு மணிக்கு வருகிறேன். மேற்பார்வையாளர் ஒரு போர்த்துக்கேயப் பெண். அவருக்கு என் பெயர் வாயில் வராது, "சேர்" என்று கூப்பிடுகிறார். இது நான் கட்டிச் சொல்வது இல்லை. எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

போன கிழமை மிஸ்டர் ஹார்வுட்டை ஹை ஸ்ட்ரீட்டில் கண்டேன். நட்டஈட்டுக் காசோலை வந்துவிட்டதாம். கொடுத்து ஆறு மாதமும் சில நாளும் ஆயிற்று. தகப்பனுடைய சாமானுக்கு மதிப்புப் போட்ட அந்த மனிதர் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். துருப்பிடித்த சாமான்காரருக்கு நூற்றைம்பது சுளையாக வந்தது. பெருந்தொகை போய்விட்டது, நாடு முழுவதும் கோடிக்கணக்கில், இன்னும் முடியவில்லை என்று ஹார்வுட் சொன்னார். உன்னைப் பற்றிக் கேட்டார். அட்டை வந்தது என்றதும் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டார்.

விசாக்காரருக்கு நீ இதைச் சொல்லலாம். வளன் அருட்பிரகாசம், வெளுப்புத் தொழிலாளி, நிரந்தரம், கிழமைக்கு நூற்றி நாற்பது பவுண்ஸ். தொழிற்சாலைக் கடிதம் தனியாக வருகிறது. சாப்பாட்டைப் பற்றி நீ கேட்கவேண்டாம், நான் மதியம் தொழிற்சாலையில் ராசா மாதிரிச் சாப்பிடுகிறேன்.

வெளியே போகும்போது அட்டையோடு போ. அம்மாவை ஒழுங்கைப் பக்கத்துக் கட்டிலில் படுக்க விடாதே, உள்பக்கமாகப் படுக்கச் சொல்லு.

சிலிப் இரண்டு இத்துடன் வைத்திருக்கிறேன், டிசம்பரும் ஜனவரியும். ஜனவரியில் இருபத்தெட்டு பவுண்ஸ் குறைவாக இருப்பதைப் பார்ப்பாய். ஒரு நாள் காய்ச்சலில் போகவில்லை. விசாக்காரர் கேட்டால் அப்படியே சொல்லு, நிலையான வருமானம்தான், ஒரு நாள்தான். இன்னும் நாலு சிலிப் இருக்கிறது. இனி எனக்குக் காய்ச்சல் வராது.

மாமா